கொஞ்சம் பொறு, நீ யாரென்று பார்க்கிறேன்

ஸ்டோயிக் என்ற பழைய கிரேக்கத் தத்துவ மரபின் ஆசிரியர் எபிக்டெட்டஸைப் பற்றிப் பேச்செடுத்தாலே முதலில் வருவது அந்தக் கால் கதைதான். அவர் அடிமையாக இருந்த காலத்தில் எசமான் அவர் காலைப் பிடித்து முறுக்குகிறான். இவர் சிரித்தபடி, "இப்படி முறுக்கினால் ஒடிந்துவிடும்" என்கிறார். அவன் விடவில்லை, கால் ஒடிந்துவிடுகிறது. "ஒடிந்துவிடும் என்று சொன்னேனா இல்லையா" என்கிறார். அவ்வளவுதான். சுயகட்டுப்பாடு என்றால் இதுதான் என்று ஏதாவது மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்க ஏற்ற கதை.

எனக்கு இந்தக் கதை என்றைக்குமே ஒட்டியதில்லை. முதலில் அது எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். இரண்டாம் நூற்றாண்டில் கிறித்தவத்தைத் தாக்கி எழுதிய கெல்சஸ் சொன்னது அது. அவருடைய புத்தகம் தொலைந்துபோய்விட்டது. அதை வரிக்கு வரி மறுத்துக் கிறித்தவ அறிஞர் ஓரிகன் எழுதிய நூலுக்குள் மாட்டிக்கொண்டதால் இந்தத் துண்டு பிழைத்தது. கெல்சஸ் போட்ட கணக்கு வேறு. எங்கள் ஆள் வலியில் இப்படிப் பேசினார், உங்கள் கடவுள் தண்டனை அனுபவித்தபோது இதற்கு ஈடாக என்ன சொன்னார் என்று கிறித்தவர்களை மடக்குவதுதான் அவர் வேலை. சூடா என்கிற பைசாந்தியக் கலைக்களஞ்சியமோ வாதநோயில் கால் போனது என்கிறது. எபிக்டெட்டஸ் தன்னை "நொண்டிக் கிழவன்" என்று சொல்லிக்கொண்டதுண்டு, ஆனால் நமக்குக் கிடைத்திருக்கிற அவர் பேச்சில் அந்தப் பழியை யார் தலையிலும் போடவில்லை.

சரி, கதை மெய்யாகவே இருக்கட்டும். அது தருகிற பாடத்தோடுதான் என் தகராறு. வலித்தாலும் வலிக்காத மாதிரி நிற்பதுதான் கட்டுப்பாடு என்று அது சொல்லிக்கொடுக்கிறது. அந்த மனிதர் சொல்லிக்கொடுத்தது வேறு. அதற்கு நல்ல சாட்சி ஒரு கப்பலில் இருக்கிறது.

ஆலஸ் கெல்லியஸ் என்றொரு ரோமானிய எழுத்தாளர், அவரும் இரண்டாம் நூற்றாண்டுக்காரர்தான், கிரேக்கப் பக்கத்திலிருந்து இத்தாலியின் பிரண்டிசியம் துறைமுகத்துக்குக் கப்பலேறுகிறார். வழியில் அயோனியக் கடலில் பெரும் புயல். ராத்திரி முழுக்கக் காற்று பக்கவாட்டில் அடித்துக் கப்பலுக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. அதே கப்பலில் ஏதென்ஸில் பெயர் பெற்ற ஒரு ஸ்டோயிக் ஆசிரியரும் இருக்கிறார். ஊரே அலறிக்கொண்டிருக்கும்போது கெல்லியஸின் கண் அவர்மேலேயே இருக்கிறது, இந்த ஆள் என்ன செய்யப்போகிறார் என்று. அவர் கத்தவில்லை, அழவில்லை. ஆனால் முகம் வெளுத்துப்போயிருக்கிறது, மற்றவர்களுக்கு வெளுத்த அதே மாதிரி. புயல் அடங்கியதும் ஆடம்பரமான ஒரு பணக்காரர் வந்து, நான் பயப்படவில்லை, தத்துவஞானி நீர் ஏன் வெளுத்தீர் என்று சீண்டுகிறார். அவருக்குச் சூடாக ஒரு பதில் கொடுத்து அனுப்பிவிட்டார் ஆசிரியர். கெல்லியஸ் அவசரப்படாமல் கரை நெருங்கும்வரை காத்திருந்து, மரியாதையாகக் காரணம் கேட்டார். அவருக்குக் கிடைத்தது பேச்சாக வந்த பதில் மட்டுமில்லை, பையிலிருந்து எடுத்துக் கையில் கொடுக்கப்பட்ட ஒரு புத்தகம். எபிக்டெட்டஸ் உரைகளின் ஐந்தாம் நூல்.

இன்றைக்கு நம்மிடம் இல்லாத நூல் அது. மொத்தம் எட்டு இருந்ததாகச் சொல்வார்கள், முழுசாக மிஞ்சியது நான்கு. ஐந்தாம் நூலில் அந்த இடத்தில் என்ன இருந்தது என்று கெல்லியஸ் எழுதிவைத்ததால்தான் நமக்குத் தெரிகிறது. வானத்திலிருந்து ஒரு பேரிடி, எதோ இடிந்து விழுகிற சத்தம், திடீரென்று வந்து சேர்கிற ஆபத்துச் செய்தி, இதெல்லாம் நம்மைக் கேட்டுக்கொண்டு மனதுக்குள் நுழைவதில்லை. ஞானியாகவே இருந்தாலும் ஒரு கணம் ஆடிப்போவார், சுருங்குவார், வெளுப்பார். வித்தியாசம் அடுத்த கணத்தில்தான் வருகிறது. "ஆமாம், இது பயங்கரம்தான்" என்று நாமெல்லாம் உடனே அதற்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறோம். ஞானி கையெழுத்துப் போடுவதில்லை. புயல் வந்து போகும், முகத்தின் நிறம் திரும்பிவிடும், அவருடைய தீர்ப்பு இருந்த இடத்திலேயே இருக்கும்.

எனக்குத் தெரிந்து எபிக்டெட்டஸ் மொத்தமாகச் சொன்னது இதைத்தான், மற்றதெல்லாம் இதன் விளக்கம். நமக்குப் புலனடக்கம் என்றதும் ஆமைதான் ஞாபகத்துக்கு வரும், ஐந்தையும் உள்ளே இழுத்துக்கொள்கிற ஆமை. எபிக்டெட்டஸ் எதையும் உள்ளே இழுத்துக்கொள்ளச் சொல்வதில்லை. கண் பார்க்கட்டும், காது கேட்கட்டும், நெஞ்சு ஒருமுறை அடித்துக்கொள்ளட்டும், அதோடு நிற்கட்டும் என்கிறார். காவல் போடுவது வாசலில் அல்ல, உள்ளே கையெழுத்தாகிற மேசையில்.

இப்படி ஒரு எண்ணம் எங்கிருந்து ஒருவருக்கு வரும்? அவர் வளர்ந்த வீட்டைப் பார்த்தால் எனக்கு ஆச்சரியமாக இல்லை.

பிறந்தது ஏறத்தாழ கி.பி. 50-இல், ஃப்ரிஜியாவின் ஹியராபோலிஸில். இன்றைய துருக்கியில் பாமுக்காலே என்று வெள்ளை வெளேரென்ற சுண்ணாம்புப் படிக்கட்டுகளோடு சுற்றுலாப் படங்களில் பார்ப்போமே, அதே வெந்நீர் ஊற்று ஊர். அங்கிருந்து ரோமுக்கு எப்படியோ போய்ச் சேர்ந்து எபாஃப்ரோடிட்டஸ் என்பவருடைய அடிமையாகிறார். இந்த எபாஃப்ரோடிட்டஸ் முன்னாள் அடிமை. விடுதலை பெற்று, நீரோ பேரரசனுக்கு வரும் மனுக்களைக் கவனிக்கிற செயலாளர் பதவிவரை போனவர். கி.பி. 68-இல் நீரோ கழுத்தில் கத்தியை இறக்கிக்கொண்டபோது கைகொடுத்து உதவியவரும் இவர்தான். பல வருடம் கழித்து அந்த உதவிக்காகவே பேரரசன் டொமீஷியன் இவருக்கு மரண தண்டனை கொடுத்தான்.

இந்த வீட்டுக் கதைகளை எபிக்டெட்டஸ் பிற்காலத்தில் மாணவர்களிடம் சொல்லும்போது அவருக்குள் இருக்கும் குறும்புக்காரர் வெளியே வந்துவிடுவார். எபாஃப்ரோடிட்டஸிடம் ஃபெலிசியோ என்றொரு செருப்புத் தைக்கிற அடிமை இருந்தானாம். எதற்கும் லாயக்கில்லை என்று அவனை விற்றுவிட்டார். வாங்கியது அரண்மனையைச் சேர்ந்த ஒருவர், ஆகவே ஃபெலிசியோ சீசருக்கே, அதாவது பேரரசனுக்கே, செருப்புத் தைப்பவன் ஆகிவிட்டான். அதற்கப்புறம் நம்ம எபாஃப்ரோடிட்டஸ் அவனுக்குக் கொடுத்த மரியாதையைப் பார்க்க வேண்டுமே! "ஃபெலிசியோ சௌக்கியமா?" என்று கையைப் பிடிக்கிறார். யாராவது வீட்டுக்கு வந்து ஐயா எங்கே என்று கேட்டால், "உள்ளே ஃபெலிசியோவோடு ஆலோசனையில் இருக்கிறார்" என்று பதில் வரும். இன்னொரு நாள் ஒருவர் வந்து எபாஃப்ரோடிட்டஸின் முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுகிறார், எல்லாம் போய்விட்டது, கையில் வெறும் 15 லட்சம்தான் மிச்சம் என்று. கேட்டவர் சிரித்தாரா? இல்லையாம். "அடப்பாவமே, இதை எப்படிச் சொல்லாமல் பொறுத்துக்கொண்டிருந்தாய்?" என்று உருகிப்போனாராம்.

இதையெல்லாம் மூலையில் நின்று ஒரு பையன் பார்த்துக்கொண்டிருக்கிறான். சட்டப்படி அவனுக்கு ஒன்றும் சொந்தமில்லை, அவன் உடம்பு உட்பட. எதிரே இருப்பவரோ ஊரையே ஆட்டிவைக்கிற பெரிய மனிதர், ஆனால் யார் முகம் சுளித்தாலும் அவருக்கு வயிறு கலங்குகிறது, நேற்று விற்ற செருப்புத் தைப்பவன் முன்னால் இன்றைக்குக் குழைகிறார். இதில் யார் அடிமை என்ற கேள்வி அந்தப் பையனுக்குப் புத்தகத்திலிருந்து வந்திருக்கத் தேவையே இல்லை.

படிப்பும் வந்தது. எபாஃப்ரோடிட்டஸ் தன் அடிமையை முசோனியஸ் ரூஃபஸ் என்ற ஸ்டோயிக் ஆசிரியரிடம் போகவிட்டார், அதற்காகவாவது அவருக்கு ஒரு நன்றி. முசோனியஸ், நீரோவால் கியாரா என்ற வறண்ட தீவுக்கு நாடுகடத்தப்பட்டுத் திரும்பியவர். கறாரான வாத்தியார். ஒருநாள் தர்க்கப் பாடத்தில் ஒரு வாதத்தில் விட்டுப்போன கண்ணியை எபிக்டெட்டஸால் கண்டுபிடிக்க முடியவில்லை. வாத்தியார் திட்ட, இவர், "நான் என்ன கேப்பிட்டலையா எரித்துவிட்டேன்?" என்று முனகுகிறார். ரோமின் தலைமைக் கோயில் இருந்த குன்று அது. "அட மடையா, இங்கே விட்டுப்போன கண்ணிதான் கேப்பிட்டல்" என்றாராம் முசோனியஸ். சின்ன விஷயத்தில் அசட்டையாக இருப்பவன் பெரிய விஷயத்தில் மட்டும் கவனமாக இருந்துவிடமாட்டான் என்பது பிற்பாடு எபிக்டெட்டஸின் பாடத்திலும் ஊறிக்கிடக்கிறது.

விடுதலையாகி ரோமிலேயே பாடம் நடத்திக்கொண்டிருந்தவரை டொமீஷியனின் ஆணை கிளப்பியது. தத்துவ ஆசிரியர்கள் யாரும் இத்தாலியில் இருக்கக்கூடாது என்று அவன் விரட்டினான். எபிக்டெட்டஸ் கடலின் மறுகரைக்குப் போனார், கிரேக்கத்தின் வடமேற்கில் நிக்கோபோலிஸ் என்ற ஊருக்கு. கி.மு. 31-இல் ஆக்டியம் போரில் அந்தோனியையும் கிளியோபாட்ராவையும் வென்ற இடத்துக்குப் பக்கத்தில் வெற்றிச் சின்னமாக அகஸ்டஸ் கட்டிய நகரம். இத்தாலிக்கும் கிரேக்கத்துக்கும் போகிறவர் வருகிறவர் தொடுகிற துறை என்பதால் மாணவர்களுக்குப் பஞ்சமில்லை. வசதியான வீட்டுப் பிள்ளைகள், நாளைக்குப் பதவிக்குப் போகப்போகிறவர்கள், முன்னாள் அடிமை ஒருவரிடம் உட்கார்ந்து தன்னை ஆளக் கற்றுக்கொண்டார்கள். அப்படி வந்தவர்களில் ஒருவர் அர்ரியன். பிற்காலத்தில் ரோமில் கன்சல் என்ற உயர்பதவி, கப்பதோக்கியா மாகாணத்தின் ஆளுநர், அலெக்சாண்டர் வரலாற்றை எழுதியவர். எபிக்டெட்டஸ் எதையுமே எழுதவில்லை. நமக்குக் கிடைத்திருக்கும் உரைகள் அர்ரியன் வகுப்பில் எடுத்த குறிப்புகள். கேட்டதைக் கூடியவரை அப்படியே எழுதிக்கொண்டேன், எனக்காகத்தான் வைத்திருந்தேன், எப்படியோ என்னை அறியாமல் வெளியே போய்விட்டது என்று அவரே முன்னுரைக் கடிதத்தில் சொல்கிறார். அதிலிருந்து சாறு எடுத்ததுதான் 'கையேடு' என்று இன்று எல்லாரும் மேற்கோள் காட்டுகிற சின்னப் புத்தகம்.

பாடசாலை எப்படி இருந்தது? "இது வைத்தியசாலை" என்கிறார். இங்கிருந்து வெளியே போகும்போது உனக்குச் சுகமாக இருக்கக்கூடாது, வலிக்க வேண்டும், ஏனென்றால் வந்தபோது நீ சுகமாக இல்லை, ஒருவனுக்குத் தோள் இறங்கியிருந்தது, ஒருவனுக்குக் கட்டி, ஒருவனுக்குத் தலைவலி. நான் உட்கார்ந்து அழகான வாக்கியங்களாகப் பேச, நீங்கள் ஆஹா ஓஹோ என்று போய்விட்டால் தோளும் கட்டியும் தலைவலியும் அப்படியேதானே இருக்கும் என்று கேட்கிறார். சொற்பொழிவு கேட்டே திருந்திவிடலாம் என்று நினைப்பவர்கள் எல்லா நூற்றாண்டிலும் இருந்திருக்கிறார்கள் போல.

இப்போது கட்டுப்பாட்டுக்கு வருகிறேன். எல்லாவற்றையும் அவர் ஒரு கோட்டால் இரண்டாகப் பிரிப்பது தெரிந்ததே. நம் கருத்து, நம் முனைப்பு, நம் ஆசை, நம் வெறுப்பு நம் கையில். உடம்பு, சொத்து, பெயர், பதவி நம் கையில் இல்லை. இதை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடுபவர்கள்தான் அதிகம். நல்ல கோடுதான், ஆனால் கோட்டைத் தெரிந்துகொண்டதால் ஒருவருக்கும் கோபம் குறைந்ததாக நான் பார்க்கவில்லை. உரைகளின் இரண்டாம் நூல் பதினெட்டாம் அத்தியாயத்தில்தான் வேலை நடக்கிறது. நடப்பதால் நடை பழகும், ஓடுவதால் ஓட்டம். ஒருமுறை கோபப்பட்டாயா, அந்த ஒரு தீமை மட்டும் நடந்துவிடவில்லை, பழக்கத்தின் நெருப்பில் விறகையும் போட்டுவிட்டாய். காய்ச்சல் வந்து போனவன் முழுக்கக் குணமாகாவிட்டால் பழைய ஆளாக இருக்கமாட்டான். மனதிலும் அடிபட்ட தழும்பு இருக்கும், அதை ஆற்றாமல் அதே இடத்தில் மறுபடி சாட்டை விழுந்தால் புண்ணாகிவிடும்.

அப்புறம் வைத்தியம் சொல்கிறார், பாட்டி வைத்தியம் மாதிரி எளிமையாக. கோபக்காரனாக இருக்க விருப்பமில்லையா, முதலில் சும்மா இரு. பிறகு கோபப்படாத நாட்களை எண்ணு. "தினமும் கோபப்பட்டேன், அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள், அப்புறம் இரண்டு நாள் விட்டு, மூன்று நாள் விட்டு." முப்பது நாள் தாண்டிவிட்டால் கடவுளுக்குப் படையல் போடு. எனக்கு இதில் பிடித்தது, அந்த எண்ணிக்கையில் தோற்ற நாட்களுக்கும் இடமிருப்பது. இரண்டு நாளுக்கு ஒருமுறை கோபப்படுகிறவன் தினமும் கோபப்படுகிறவனைவிடத் தேறியவன்தானே. ஞானி ஆகிவிடு என்று ஒரே தாவாகத் தாவச் சொல்லும் பழைய ஸ்டோயிக் கண்டிப்பு இங்கே இல்லை.

அதே அத்தியாயத்தில்தான் தலைப்பில் நான் வைத்திருக்கிற வரி வருகிறது. ஆசையோ கோபமோ பயமோ ஒரு தோற்றமாக வந்து நிற்கும்போது அதன் பளபளப்பில் அடித்துக்கொண்டு போய்விடாதே, அதனிடம் பேசு: "கொஞ்சம் பொறு, நீ யார், எதைப் பற்றி வந்திருக்கிறாய் என்று பார்க்கிறேன், உன்னைச் சோதித்துப் பார்க்கிறேன்." முக்கியமாக, அடுத்தடுத்து என்னென்ன நடக்கும் என்று அது படம் காட்ட ஆரம்பிக்கும், காட்டவிடாதே, விட்டால் எங்கே வேண்டுமோ அங்கே இழுத்துப் போய்விடும் என்கிறார். இந்த ஒரு எச்சரிக்கையில் எவ்வளவு அனுபவம் இருக்கிறது! முதல் சீண்டலில் யாரும் கெட்டுப்போவதில்லை, அதற்குப் பின்னால் மனதுக்குள் ஓடுகிற சினிமாவில்தான் கெடுகிறோம்.

நான் சம்பளம் வாங்குவதே தொலைபேசியில் திட்டு வாங்கித்தான். வாடிக்கையாளர் குறை கேட்கிற பிரிவு. லைனில் வருகிறவர் ஏற்கெனவே பதிவுக் குரலோடு மல்லுக்கட்டி, காத்திருந்து, இசை கேட்டு, வெறுத்துப்போய்த்தான் மனிதக் குரலுக்கு வந்து சேர்கிறார். என் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஆரம்பித்துவிடும். இந்த வேலையில் சேர்ந்ததும் ஒரு பயிற்சி கொடுப்பார்கள், சிரித்துக்கொண்டே பேசு, சிரிப்பு குரலில் கேட்கும் என்று. அது கால் ஒடிந்த கதையின் வழி. உள்ளே கொதிக்கும், வெளியே சிரிப்பு, ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போனால் சாம்பாரில் உப்பில்லை என்பதற்கு அவ்வளவும் கொட்டும். என்னோடு வேலை பார்க்கிறவர்கள் பலரிடம் இதைப் பார்க்கிறேன், பகல் முழுக்கக் குரலில் தேன், ராத்திரி வீட்டில் எரிமலை.

எனக்கு உதவியது கையேட்டில் இருக்கும் குளியல் கூடத்துப் பத்தி. பொதுக் குளியல் கூடத்துக்குப் போகுமுன் அங்கே என்ன நடக்கும் என்று மனதில் ஓட்டிப்பார் என்கிறார்: தண்ணீரைத் தெறிப்பார்கள், இடிப்பார்கள், திட்டுவார்கள், துணியைத் திருடுவார்கள். "நான் குளிக்கவும் வேண்டும், என் மனதை ஒழுங்காக வைத்திருக்கவும் வேண்டும்" என்று சொல்லிக்கொண்டு போ. ஹெட்செட்டை மாட்டுவதற்கு முன்னால் இதைத்தான் செய்கிறேன். திட்டு வரும்போது மியூட் பட்டனில் விரல் இருக்கும். அந்த இரண்டு நொடியில் காது சுடும், அது சுடத்தான் செய்யும், அதை நான் தடுப்பதில்லை. இவர் என்னை அவமானப்படுத்திவிட்டார் என்ற தீர்ப்புக்கு மட்டும் ஒப்புதல் கொடுப்பதில்லை. திட்டுகிறவனோ அடிக்கிறவனோ உன்னை அவமதிப்பதில்லை, அது அவமதிப்பு என்ற உன் கருத்துதான் அவமதிக்கிறது, ஆகவே முதல் வேலையாகக் கொஞ்சம் நேரம் வாங்கு என்று கையேடு சொல்கிறது. வாங்கிய நேரத்தில் பெரும்பாலும் தெரிவது, எதிரில் இருப்பவருக்குப் பணம் திரும்ப வரவில்லை, அவ்வளவுதான் விஷயம் என்பது.

ஆசைக்கும் அவர் சொல்வது அதே நேரக் கணக்குதான். ஏதாவது இன்பம் கண்முன் வந்து ஆடும்போது அதைக் கொஞ்சம் காக்கவைத்து, இரண்டு வேளைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்: அனுபவிக்கிற வேளை, அனுபவித்து முடித்துவிட்டு உன்னையே நீ திட்டிக்கொள்ளப்போகிற வேளை. விருந்தில் தட்டு சுற்றி வரும்போது உன்னிடம் வந்தால் கைநீட்டி மரியாதையாக எடுத்துக்கொள், தாண்டிப் போனால் பிடித்து நிறுத்தாதே, இன்னும் வரவில்லை என்றால் ஆசையை முன்னால் அனுப்பாதே. பிள்ளை, மனைவி, பதவி, பணம் எல்லாவற்றுக்கும் இதுவே.

பயிற்சியிலும் அவருக்கு ஆர்ப்பாட்டம் ஆகாது. சினிக் தத்துவக்காரர்கள் குளிர்காலத்தில் பனிபடர்ந்த சிலைகளைக் கட்டிப்பிடித்து உடம்பைப் பழக்குவார்கள், ஊர் கூடிப் பார்க்கும். எபிக்டெட்டஸ், சிலையைக் கட்டிப்பிடிக்காதே என்கிறார். கடும் தாகமாக இருக்கிறதா, கொஞ்சம் குளிர்ந்த நீரை வாயில் வைத்துத் துப்பிவிடு, யாரிடமும் சொல்லாதே. அந்தக் கடைசி இரண்டு வார்த்தைகள்தான் கஷ்டமான பயிற்சி. விரதம் இருப்பதைவிட விரதம் இருந்ததைச் சொல்லாமல் இருப்பது எவ்வளவு கடினம் என்று வெள்ளிக்கிழமைகளில் எந்த அலுவலகத்திலும் பார்க்கலாம். (ஊருக்கெல்லாம் இதை எழுதிக்கொண்டிருக்கும் நானும் அந்தப் பரீட்சையில் தேறியவன் இல்லைதான்.) யாராவது அடித்துவிட்டால் அப்போது சொல்லிக்கொள், நான் சிலையைக் கட்டிப்பிடித்தேன் என்று, என்பதும் அவர் சொன்னதுதான்.

தானே மாட்டிக்கொண்ட ஒரு சம்பவத்தையும் மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறார். வீட்டுத் தெய்வங்களுக்கு முன்னால் ஓர் இரும்பு விளக்கு வைத்திருந்தார். ஜன்னல் பக்கம் சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தால் விளக்கைக் காணோம். திருடனுக்கு அது நல்லதாகத்தான் பட்டிருக்கும், சரி, நாளைக்கு மண் விளக்கு கிடைக்கும் என்று முடித்துக்கொண்டாராம். இன்னோர் இடத்தில், அவன் அந்த விளக்குக்கு விலை கொடுத்துத்தான் வாங்கினான் என்கிறார். ஒரு விளக்குக்காகத் திருடன் ஆனான், நம்பிக்கை கெட்டவன் ஆனான், அதுதான் விலை.

அவர் மாணவர்களுக்கு முன்மாதிரியாகக் காட்டுபவர்களில் எனக்கு ரொம்பப் பிடித்தவர் அக்ரிப்பினஸ். நீரோ காலத்து செனட்டர். செனட்டில் உன்மேல் வழக்கு நடக்கிறது என்று ஆள் வந்து சொல்கிறான். நல்லது நடக்கட்டும், இப்போது உடற்பயிற்சி நேரம், முடித்துவிட்டுக் குளிக்க வேண்டும் என்று போய்விட்டார். திரும்பி வந்தால், தண்டனை விதித்துவிட்டார்கள் என்று செய்தி. மரணமா, நாடுகடத்தலா? நாடுகடத்தல். சொத்து? பறிக்கவில்லை. "அப்படியானால் அரிசியாவுக்குப் போய்ச் சாப்பிடுவோம்." ரோமை விட்டுப் போகிற வழியில் முதலில் வருகிற ஊர் அரிசியா.

எல்லாவற்றையும் நான் ஏற்றுக்கொள்ளவில்லை. குழந்தையை முத்தமிடும்போது, இது சாகக்கூடியது என்று மனதுக்குள் சொல்லிக்கொள் என்கிற இடம் எனக்குத் தொண்டையில் நிற்கிறது. குழந்தைகள் கொத்துக்கொத்தாகச் செத்த காலம் என்பது விளக்கமாகுமே தவிர ஆறுதலாகாது. முத்தமிடுகிற வேளையில் கணக்குப் பார்க்கிற தகப்பனை அந்தப் பிள்ளைக்குத் தெரிந்துவிடும் என்றே நினைக்கிறேன். அப்புறம் அடிமை முறை. அதைத் தன் முதுகில் சுமந்தவர், அதை ஒழிக்க வேண்டும் என்று எங்குமே சொல்வதில்லை. உள்ளே சுதந்திரமாக இரு என்று மட்டும் சொன்னால் வெளியே சங்கிலி வைத்திருப்பவனுக்குச் சௌகரியம்தானே?

ஆனால் முதல் நூலின் பதின்மூன்றாம் அத்தியாயத்தை வாசித்துவிட்டு அவரை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியாது. நீ வெந்நீர் கேட்டாய், அடிமை காதில் வாங்கவில்லை, அல்லது வெதுவெதுப்பாகக் கொண்டுவந்தான், கோபப்படாமல் இரு என்கிறார். அவனைப் பொறுத்துக்கொள்வது எப்படி என்று மாணவன் கேட்க, குரல் மாறுகிறது. "அடிமையே, உன் சொந்தச் சகோதரனைப் பொறுத்துக்கொள்ளமாட்டாயா? அவனுக்கும் உனக்கும் ஒரே தகப்பன் ஸீயஸ்தான்." நான் அவர்களைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேனே என்று பதில் வருகிறது. உன் பார்வை மண்ணையும் பாதாளத்தையும் பார்த்துக்கொண்டிருக்கிறது, செத்தவர்களின் இந்தக் கேடுகெட்ட சட்டங்களைப் பார்க்கிறாய், தெய்வங்களின் சட்டத்தைப் பார்க்கவில்லை என்கிறார். அடிமைகளோடு வந்து உட்கார்ந்திருக்கும் பணக்காரப் பிள்ளையைப் பார்த்து "அடிமையே" என்று கூப்பிடுகிறார், அதுவும் யார் கூப்பிடுவது!

குழந்தை விஷயத்திலும் அந்த ஒரு வரியோடு அவரை மூடிவிடக்கூடாது என்பதற்கு முதல் நூலிலேயே பதினோராம் அத்தியாயம் இருக்கிறது. ஓர் அரசு அதிகாரி பார்க்க வருகிறார். பேச்சுவாக்கில் சொல்கிறார், போன தடவை மகளுக்கு உடம்பு ரொம்ப முடியாமல் போய்விட்டது, பக்கத்தில் இருந்து பார்க்கச் சகிக்கவில்லை, வீட்டைவிட்டு ஓடிவிட்டேன், தேவலை என்று செய்தி வந்த பிறகுதான் திரும்பினேன். செய்தது சரியா? இயல்பாகத்தானே செய்தேன், எந்தத் தகப்பனும் அப்படித்தான் என்கிறார் அவர். எபிக்டெட்டஸ் விடவில்லை, ஒவ்வொரு கேள்வியாகப் போடுகிறார். அந்தப் பெண்ணின் அம்மாவுக்குப் பாசம் இல்லையா? இருக்கிறது. அப்படியானால் அவளும் ஓடியிருக்க வேண்டுமா? கூடாது. வளர்த்த தாதிக்கு? அவளும் ஓடியிருக்க வேண்டுமா? பாசமுள்ள எல்லாரும் பாசத்தினாலேயே ஓடிவிட்டால், குழந்தை பாசமில்லாதவர்கள் கையில் கிடந்து செத்திருக்குமே. நீ நோயில் கிடந்தால் உன்மேல் பாசம் வைத்தவர்கள் எல்லாம் அப்படி உன்னைத் தனியே விட்டு ஓட வேண்டும் என்றா கேட்பாய், உன் எதிரிகள்தான் அப்படிப் பாசம் வைக்கட்டும் என்று வேண்டிக்கொள்வாய், இல்லையா?

இந்த அத்தியாயத்துக்குப் பிறகு எனக்கு ஸ்டோயிக் கட்டுப்பாட்டைக் கல்நெஞ்சு என்று சொல்பவர்களோடு வாதாடத் தெம்பு வந்தது. அந்த அதிகாரிக்கு வந்த பதைப்பு, கப்பலில் வெளுத்த முகம் மாதிரி, தானாக வந்தது. அதற்காக எபிக்டெட்டஸ் அவரைக் கேட்கவில்லை. 'இதை என்னால் பார்க்க முடியாது, போய்விடுவதுதான் சரி' என்று உள்ளே ஒரு தீர்ப்பு எழுதப்பட்டதே, அதைத்தான் கேட்கிறார். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கத்தான் கட்டுப்பாடு வேண்டியிருக்கிறது, எழுந்து போக அது தேவையில்லை.

அவரே கடைசிக் காலத்தில் என்ன செய்தார் என்று ஆறாம் நூற்றாண்டு உரையாசிரியர் ஸிம்ப்ளிசியஸ் சொல்கிறார். நெடுங்காலம் தனியாகவே வாழ்ந்தவர், நண்பர் ஒருவர் வறுமையால் தன் குழந்தையை வெளியே போட்டுக் கைவிட இருந்தபோது அதைத் தானே எடுத்துக்கொண்டு, வளர்க்க ஒரு பெண்ணையும் வீட்டுக்குக் கொண்டுவந்தார். வயதான காலத்தில், கால் முடியாத ஒருவர், கைக்குழந்தையோடு! எந்தத் தத்துவப் புத்தகத்தின் அட்டையிலும் இந்தப் படத்தைப் போடமாட்டார்கள்.

ஏறத்தாழ கி.பி. 135-இல் இறந்திருக்கலாம். அதற்கப்புறம் நடந்தது தனிக் கதை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ருஸ்டிகஸ் என்ற ஆசிரியர் தன் சொந்தப் பிரதியைக் கொடுத்ததால் எபிக்டெட்டஸை வாசிக்க முடிந்தது என்று பேரரசர் மார்க்கஸ் அரேலியஸ் நன்றியோடு எழுதிவைத்திருக்கிறார். 1965 செப்டம்பரில் வியட்நாமில் சுட்டு வீழ்த்தப்பட்ட அமெரிக்க விமானி ஜேம்ஸ் ஸ்டாக்டேல், பாராசூட்டில் இறங்கும்போதே, தொழில்நுட்ப உலகத்தை விட்டு எபிக்டெட்டஸின் உலகத்துக்குள் போகிறேன் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாராம். ஏழரை வருடம் சிறை, அவருக்கும் கால் ஒடிந்தது. மனிதரைக் கலக்குவது நடப்பவை அல்ல, நடப்பவை பற்றிய அவர்கள் கருத்துகளே என்ற கையேட்டு வரி, உளவியலாளர் ஆல்பர்ட் எல்லிஸ் வழியாக இன்றைய உளச்சிகிச்சைக்குள்ளும் போய்ச் சேர்ந்துவிட்டது.

இன்னொரு பக்கம் யூடியூப். பளிங்குச் சிலை, கனத்த குரல், சோக வயலின், காலை நாலு மணிக்கு எழு, யாரையும் நம்பாதே, பணக்காரனாகு. சீசருக்கு நெருக்கமானவர்கள் வாசலில் காத்துக்கிடப்பவர்களை அவ்வளவு கிண்டல் செய்த மனிதரை வைத்து, பெரிய ஆளாவது எப்படி என்று பாடம். இது நம் காலத்து வியாதி என்று நினைத்திருந்தேன். இல்லையாம். அவர் இறந்து அதிக காலம் ஆகாதபோதே நையாண்டி எழுத்தாளர் லூசியன் கிண்டல் செய்திருக்கிறார், எபிக்டெட்டஸ் வைத்திருந்த மண் விளக்கை ஒருவர் 3,000 திராக்மா கொடுத்து வாங்கியதை. அந்த விளக்கு வெளிச்சத்தில் படித்தால் ஞானம் தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கையாம். திருட்டுப்போன இரும்பு விளக்குக்குப் பதிலாக வாங்கியதுதானோ அது என்று எனக்கு ஓர் ஆசை.

வாசிக்க நினைப்பவர்கள் கையேட்டில் ஆரம்பிக்காதீர்கள் என்பது என் கட்சி. அது மருந்துச் சீட்டு மாதிரி, பேச்சும் சிரிப்பும் சண்டையும் உதிர்ந்துபோய் உத்தரவுகள் மட்டும் நிற்கும், படிப்பவருக்கு இந்த ஆள் கல் என்றுதான் தோன்றும். உரைகளின் முதல் நூலை எடுங்கள், முதல் இரண்டு அத்தியாயங்கள், பிறகு பதினொன்று, பதின்மூன்று, அப்புறம் இரண்டாம் நூலுக்குத் தாவிப் பதினெட்டு. தாடியை மழி, மழிக்காவிட்டால் தலையை வெட்டுவேன் என்று மிரட்டுபவனுக்கு, வெட்டுவது உனக்கு நல்லதென்றால் வெட்டிக்கொள் என்று சொல்கிற இடம் முதல் நூலின் இரண்டாம் அத்தியாயத்தில் இருக்கிறது. சுதந்திரத்தைப் பற்றிய நான்காம் நூலின் முதல் அத்தியாயம் எல்லாவற்றிலும் நீளமானது, அதை வேலை இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.